தேற்றத்தில் காய்ந்த ஏலக்காய்

இதில் வருவது அத்தனையும் சத்தியம். கொட்டகுடி ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைக்கச் சொன்னாலும் ஒரு சொல்லை மாற்றுவதற்கில்லை. எதையும் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துச் சொன்னது வேண்டுமானால் உண்டு, அதுவும் கேட்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்பதற்காக.

சிலமலைக்காரன் அன்புச்செல்வன் பார்த்த சோலியை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. கணினி சோலி என்றால் போடியில் புரியும். கணக்கு வாத்தியார் என்றாலும் புரியும். இவனோ கணினிக்குக் கணக்கு வாத்தியார். ஒரு தேற்றம் உண்மை என்று படித்தவர்கள் கூடிச் சொன்னால் போதாது, ஒவ்வொரு அடியும் ஏன் சரி என்று ஓர் இயந்திரம் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் அந்த அடிகளை இயந்திரமே தேடிக் கண்டுபிடிக்கவும் வேண்டும் என்று நினைக்கிற கூட்டம் ஒன்று உலகத்தில் உண்டு. அவர்களுக்கான மென்பொருள் கருவியை வடிவமைப்பதுதான் அவன் பிழைப்பு.

அந்தக் கருவிக்குள் இரண்டு பேரைக் குடிவைத்திருந்தான். ஒருவன் தேடுகிறவன். சந்து பொந்தெல்லாம் நுழைந்து வழி தேடுவான், குறுக்குவழி கிடைத்தால் விடமாட்டான். இன்னொருவன் சரிபார்க்கிறவன். பெற்ற தாயே வந்து சொன்னாலும் நம்பமாட்டான், விதியில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான். முதலாமவன் எவ்வளவு திருட்டுத்தனம் செய்தாலும் இரண்டாமவனைத் தாண்டிப் பொய் வெளியே வராது. இந்த ஏற்பாட்டில் அன்புச்செல்வனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கருவியை முதலில் கையாண்டவள் அவன் மனைவி ரோஜா. முதலில் திட்டியவளும் அவள்தான். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பிறந்து, கணிதம் படித்து, அதிலேயே ஆராய்ச்சியும் செய்தவள். அந்த நாளில் கருவிக்கு வழி தெரியாமல் போனால் அரைப் பக்கத்துக்குக் குறியீடுகளாகக் கொட்டும். அவள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, வழி தெரியாத ஆளு தெரியலன்னு சொன்னாப் போதாதா? எதுக்கு இவன் இம்புட்டுப் பேசுறான்?" அதற்கப்புறம்தான் கருவி, இந்த இடத்தில் நிற்கிறேன், இதுவரை தெரிந்தது இது, இதற்கு மேல் தெரியவில்லை என்று மரியாதையாகச் சொல்லக் கற்றது. வெளிநாட்டிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்ததெல்லாம் அந்த மூன்று வாக்கியத்துக்காகத்தான்.

அவள் இன்னொன்றும் கேட்டிருந்தாள். எதைப் பற்றித் தேற்றம் சொல்கிறோமோ, அதில் ஒன்றையாவது முதலில் காட்டு என்று கருவி கேட்க வேண்டும். இல்லாத சாமானைப் பற்றி ஆயிரம் தேற்றம் வைத்து என்ன செய்ய? அவன் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். அடுத்த பதிப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. இது மட்டும் வரவில்லை. வீட்டுக்குழாய் ஒழுகுவதைச் சரிசெய்யச் சொன்னாலும் அவன் இப்படித்தான்.

ரோஜாவின் தேற்றம் ஒரு மலையைப் பற்றியது. மலையின் இந்த அடிவாரத்தில் ஒருவர், அந்த அடிவாரத்தில் ஒருவர். இரண்டு பேரும் கிளம்புகிறார்கள். ஒவ்வொரு கணமும் இருவரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அப்படியே நடந்து உச்சியில் சந்திக்க முடியுமா? பாதை ஏறி இறங்கி ஏறுவதால், ஒருவர் முன்னே போக மற்றவர் சில இடங்களில் வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியிருக்கும். சாதுவான மலைகளுக்கு முடியும் என்பது பழைய கணக்கு. ரோஜா தனக்கென்று ஒரு முரட்டு வகை மலையை வரையறுத்து வைத்திருந்தாள். அதிலும் முடியும் என்பது அவள் நம்பிக்கை. அவள் மலைமேல் பிறந்து இறங்கி வந்தவள், அவன் கீழே பிறந்து ஏறிப் போனவன், முதன்முதலில் பேசிக்கொண்டது போடிமெட்டு டீக்கடையில். நம்பிக்கைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கணக்கில் அதையெல்லாம் எழுதமாட்டார்கள்.

அவளுக்கு உடம்பு முடியாமல் போனதும் இருவரும் அவள் அப்பன் விட்டுப்போன தோட்டத்து வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தேடுவதற்கு வேண்டிய கணினிப் பெட்டிகளை ஜீப்பு ஓட்டுகிற சின்ராசுதான் மேலே ஏற்றினான். காய் எடுக்கப் போகிற பெண்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து போனார்கள். அவன் கொண்டை ஊசி வளைவைத் திருப்பிய வேகத்தில் ஒரு பெட்டிக்கு மட்டும் படித்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. அதற்குத் திரும்பவும் கூட்டலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

பெட்டிகளை வைக்க இடமில்லாததால் ஸ்டோரில் வைத்தார்கள். பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி அனல்காட்டி உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். தேடுகிறவன் ஓட ஓடப் பெட்டிகள் கொதித்தன. ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட முத்துப்பேச்சி இரண்டு நாள் பார்த்துவிட்டு அடுப்புக்கு விறகு வைப்பதையே நிறுத்திவிட்டாள். விறகுச் சூட்டில் காய்ந்த காயைவிடத் தேற்றச் சூட்டில் காய்ந்த காய் பச்சை மாறாமல் வந்தது. போடி ஏலத்தில் வியாபாரிகள் ஒரு காயை நசுக்கி மோந்து பார்த்து, இது வடிவியலில் காய்ந்தது, இது எண்களில் காய்ந்தது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் சாக்கோடு வந்து, எங்க காய்க்கும் கொஞ்சம் கஷ்டமானதாகப் போடுங்கள் என்று நின்றார்கள். ஒருநாள் அவன் கருவியைச் சோதிக்கச் சின்னக் கணக்கு ஒன்றைக் கொடுத்தபோது முத்துப்பேச்சி வாசலை மறித்துக்கொண்டாள்.

"அண்ணே, ரெட்டையும் ரெட்டையும் கூட்டினா ரெட்டைன்னு போடாதீக. அதுல பப்படம் கூடக் காயாது."

மூடுபனி ஸ்டோருக்குள் புகுந்த ஒரு நாளில் மட்டும் கருவி எதைக் கேட்டாலும் 'இருக்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வெயில் வந்ததும் சரியாகிவிட்டது.

ரோஜாவின் கட்டிலை ஸ்டோர்ச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவளுக்கு எலும்புக்குள் குளிர். எத்தனை கம்பளி போர்த்தினாலும் போகாத குளிர், அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் கொஞ்சம் போகும். சுவர் சூடாக இருந்தால் தேடுகிறவன் இன்னும் ஓடுகிறான், ஆறினால் முடித்துவிட்டான் என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். அவள் தேற்றத்தைத்தான் ஓடவிட்டிருந்தான். தான் போவதற்குள் அது நிற்கிறதா, விழுகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது. கோயில், நேர்த்தி, பெரிய ஆஸ்பத்திரி என்று மற்றவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

கருவியோ ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. உச்சியில் நிற்கிறேன், இதுவரை தெரிந்தது இது, இதற்கு மேல் தெரியவில்லை. தினமும் இதே பதில். அவள் சொல்லிக்கொடுத்த மூன்று வாக்கியம் அவனுக்கு அப்போதுதான் கசந்தது.

மதுரையில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சின்ராசு ஜீப்பில் திரும்பி வந்தார்கள். ரோஜா தூங்கிவிட்டாள். அன்புச்செல்வன் ஸ்டோருக்குப் போய், கருவி முட்டிக்கொண்டு நின்ற இடத்தைத் திறந்து பார்த்தான். மலையின் வரையறையில் ஒரு வரி சேர்த்தான்: எந்த இடத்தில் நின்றாலும் அதற்கு மேலே ஓர் இடம் உண்டு. கருவி நிற்காமல் நகர்வதற்கு ஒரு முட்டுக்கொடுத்த மாதிரிதான் நினைத்தான். அன்றைக்கு அவன் எதற்கும் முடிவு என்று ஒன்றை ஒத்துக்கொள்ளும் நிலையில் இல்லை.

காலையில் ஓடவிட்டான். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் கருவி நிரூபித்துவிட்டது.

வாரக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தது இப்படிச் சட்டென்று முடிந்தால் எந்தக் கருவிக்காரனுக்கும் சந்தேகம் வரும். வேறு யாருடைய தேற்றமாக இருந்தாலும் அவனுக்கும் வந்திருக்கும். அறைக்குள் போனபோது ரோஜா சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இவனையே பார்த்திருந்தாள்.

"ஏங்க, சுவர் ஆறுது."

"முடிஞ்சிருச்சு ரோஜா."

"நிக்குதா?"

"நிக்குது."

"சரிபாக்கிறவன் ஒத்துக்கிட்டானா?"

"ஒரு குறையும் சொல்லல."

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல சேலை ஒன்றை எடுத்துத் தரச் சொன்னாள். போடிமெட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். சின்ராசு அன்றைக்கு ஓட்டிய மாதிரி எந்த மலையிலும் எவனும் ஜீப்பு ஓட்டியதில்லை. அவள் மடியிலிருந்த டம்ளரில் விளிம்புவரை தண்ணீர், வழி நெடுக ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மெட்டில் மேகம் விலகிப் போடி ஊர் கீழே தெரிந்தது. இரயில் பெட்டிகூடத் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. ரோஜா அவன் தோளில் சாய்ந்து, இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் நான் என்று விரலால் காட்டிக்கொண்டு வந்தாள். டீக்கடையில் டீ வாங்கி ஒரு வாய் குடித்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவன் பார்க்கவில்லை.

மறுநாள் ஸ்டோரில் காய் அழுகிய வாடை அடித்தது. அன்புச்செல்வன் தட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தான். எல்லாம் சொதசொதவென்று ஈரம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். பச்சைத்தண்ணி மாதிரி இருந்தது. இரட்டைப்படைக் கணக்குக்கே இதைவிடச் சூடு வந்திருக்குமே என்று நினைத்தான்.

நிரூபணத்தைத் திறந்து படித்தான். ஒரு உள்ளங்கை அளவுதான் இருந்தது. ரோஜாவின் வரையறையில், மலைக்கு ஓர் உச்சி உண்டு, அதற்கு மேல் இடமில்லை என்று இருந்தது. இவன் சேர்த்த வரியில், எங்கே நின்றாலும் மேலே இடம் உண்டு என்று இருந்தது. இரண்டும் சேர்ந்தால் அப்படி ஒரு மலையே கிடையாது. தேடுகிறவன் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து நுழைந்துவிட்டான். சரிபார்க்கிறவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. இல்லாத மலையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவனால் மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமானால் அப்படி ஒரு மலையைத் தூக்கிக்கொண்டு வந்து, இதோ இதில் சந்திக்க முடியவில்லையே என்று காட்ட வேண்டும். மலையே இல்லாதபோது எங்கே போவான்? இல்லாத மலையில் யாரும் யாரையும் சந்திக்கலாம்.

முத்துப்பேச்சிக்குக் கணக்கு புரியவில்லை, அவன் முகம் புரிந்தது. என்ன என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு அழுகின காயை வெளியே அள்ளிக் கொட்டியபடியே சொன்னாள்: "மதினி நேத்துத்தான் கஞ்சி ரெண்டு மடக்குக் கூடக் குடிச்சிருக்கு. வாயத் தொறக்காதீக அண்ணே."

அவனும் திறப்பதில்லை என்றுதான் முடிவுசெய்தான். பொய் வெளியே வராத கருவியைச் செய்தவன், ஒரே ஒரு பொய்யை உள்ளே வைத்துக்கொள்வதில் என்ன வந்துவிடப் போகிறது? கண்டுபிடிக்க யாருமில்லை. தோட்டத்தில் கணிதம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் கட்டிலில்.

சாயங்காலம் ரோஜா தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். நிரூபணத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் கேட்பாள். வேறு ஏதாவது நீளமான நிரூபணத்தை வாசித்துவிடலாமா என்று அவன் நினைத்தான். மூன்றாவது வரியிலேயே பிடித்துவிடுவாள் என்று தெரியும். அந்த உள்ளங்கையளவையே வாசித்தான், முடிந்தவரை நிதானமாக. நிதானத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறதே, முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

"ம்."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "ஒரு மலையக் காட்டுங்க."

அவன் அந்த உள்ளங்கையளவையே மறுபடி மேலிருந்து பார்த்தான்.

"ஒன்னு கூட இல்லையா?"

"இல்ல ரோஜா."

வெளியே முத்துப்பேச்சி தட்டுகளைக் கழுவி அடுக்குகிற சத்தம் கேட்டது. ரோஜாவுக்கு எந்த வரி என்று புரிந்துவிட்டது. அந்த வரியை எப்போது எழுதினீர்கள் என்று கேட்டாள். மதுரையிலிருந்து வந்த அன்றைக்கு என்றான். அவள் அழவில்லை. திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் கையைப் பிடித்து இழுத்துச் சுவரில் வைத்தாள்.

"பாருங்க, ஜில்லுன்னு கெடக்கு. போயி ஓட விடுங்க. குளுருது."

அவன் அந்த வரியை எடுத்தான். கையோடு, அவள் முன்னமே கேட்டிருந்த ஏற்பாட்டையும் எழுதி முடித்தான். யோசித்துக்கொண்டே இருந்த காலத்துக்கு அது பெரிய வேலையே இல்லை, ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. இனி எந்தத் தேற்றத்தைக் கொடுத்தாலும் கருவி முதலில் நிறுத்திக் கேட்கும். என்ன கேட்க வேண்டும் என்பதை ரோஜாவே சொன்னாள்: ஒன்றையாவது காட்டுங்கள், பிறகு பேசலாம். காட்டுவதற்கு அவளே ஒரு சின்ன மலையைச் செய்துகொடுத்தாள். இரண்டு மேடு, ஒரு பள்ளம், ஓர் உச்சி. சரிபார்க்கிறவன் அதை மலைதான் என்று ஒத்துக்கொண்டான். தேடுகிறவன் ஓட ஆரம்பித்தான். இந்தத் தடவை அன்புச்செல்வன் அவனை உச்சியில் முட்டாதபடி வேறு வழியாக விட்டிருந்தான். இப்படி விட்டிருந்தால் முதலிலேயே நகர்ந்திருக்கும்.

சுவர் சுட்டது. ரோஜா முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவர்களுக்குள் பேச்சு அநேகமாக ஒன்றுதான்.

"இன்னும் தேடுறானா?"

"தேடுறான்."

சில சமயம் அவன் கேட்பான், அவள் சொல்வாள். ஸ்டோரில் காய் மணத்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் சாக்கோடு வந்து, அறைப்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒரு முற்பகலில், காய் எடுத்த பெண்கள் வெளியே எடைக்கு நின்றுகொண்டிருந்தபோது, அவள் கேட்கவில்லை. அவனாகவே, தேடுறான் ரோஜா என்றான். பதில் வரவில்லை. கையைத் தொட்டான், பிறகு சுவரைத் தொட்டான். இரண்டில் சுவர்தான் சூடாக இருந்தது.

அவளை எடுத்துப் போகும்போது எல்லோரும் அந்தப் பெட்டிகளை நிறுத்தச் சொன்னார்கள். இழவு வீட்டில் இரைச்சல் ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. சுடுகாடு போய்விட்டு வந்தும் நிறுத்தவில்லை. எடுக்க ஆளில்லாமல் ஸ்டோரிலேயே கிடந்த காய் காய்ந்து, கறுத்து, வெடித்து, விதை சிதறி, எந்த ஏலத்துக்கும் ஆகாமல் போயிற்று. முத்துப்பேச்சி அதைக் கூட்டி அள்ளிவிட்டு வெறும் தட்டுகளை அடுக்கிவைத்தாள். சின்ராசு மட்டும் ஒருநாள் வந்து, இன்னும் யாருக்காக ஓடுது மாப்ளே என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

பிறகு ஒரு நாள், மழை விட்ட நேரத்தில், சுவர் தானாக ஆற ஆரம்பித்தது.

அன்புச்செல்வன் ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தான். கருவி நிரூபிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மலையைக் காட்டியிருந்தது. ரோஜா சொன்ன நிபந்தனை ஒவ்வொன்றும் அதற்கு இருந்தது. உச்சியும் இருந்தது. சரிபார்க்கிறவன் ஒத்துக்கொண்டிருந்தான். அந்த மலையில் இருவரும் கிளம்புகிறார்கள், எப்போதும் ஒரே உயரத்தில்தான் இருக்கிறார்கள். அவன் முன்னே போகும்போதெல்லாம் அவள் வந்த வழியே திரும்ப வேண்டும். அவள் முன்னே வரும்போதெல்லாம் அவன் திரும்ப வேண்டும். எவ்வளவு நடந்தாலும் நடுவில் ஒரு முகடு மிச்சம். அவன் வேண்டுமென்றே பிழை தேடினான். அந்தப் பழைய வரி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று துழாவினான். சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமான வேலையை அந்தக் கருவி அதற்கு முன் செய்ததில்லை.

அறைக்கு வந்து கட்டிலில், அவள் உட்கார்கிற மாதிரியே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். சொல்ல வேண்டியவளிடம் சொல்லியாக வேண்டும்.

"விழுந்திருச்சு ரோஜா" என்றான்.

சுவரில் மிச்சமிருந்த சூடு கொஞ்சம் கொஞ்சமாக முதுகைவிட்டுப் போனது. முழுக்கப் போகிறவரை அவன் எழுந்திருக்கவில்லை.

சிலமலை அன்புச்செல்வனுக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை. ஒரு ரோஜாவையாவது காட்டு என்றால் காட்டுவதற்கு ஆளில்லை; அதனால்தான் சொன்னதில் ஒரு சொல்லையும் எவராலும் மறுக்க முடியாது.